ரேவதியின் மெமரி

அரவேணு தாண்டியதும் பஸ்ஸில் முன்னிருக்கைப் பெண் சொன்னது என்னை நிமிர வைத்தது: "ரேவதி மெஷினை ராவோட ராவா அணைச்சுடலாமான்னு தோணிருச்சுங்க்கா!"

"ஏம்புள்ள?" என்றார் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா.

"ஆபீஸ்ல ஒரே சர்வர்லதான் எங்க ரெண்டு பேரோட விர்ச்சுவல் மெஷினும் ஓடுது, ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு கம்ப்யூட்டர் மாதிரி. அவ முப்பத்திரண்டு ஜிபி மெமரியைத் தனக்குன்னு ரிசர்வ் பண்ணிட்டுச் சும்மா கெடக்கறா. என்னுது திணறுது. திங்கக்கெழமை டெமோல யாரோடது வேகமோ அவங்கதான் டீம் லீட்."

"நீயும் கேக்கறதுதானே?"

"பதினாறு ஜிபி வாங்கியாச்சுங்க்கா. நாலுக்கு மேல ஏறவே மாட்டீங்குது. அவ வேலைதான்!"

"டெஸ்டிங் அப்ப இதுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு உன் மெஷினுக்கு லிமிட் ஏதாச்சும் போட்டியா?"



"நாலுன்னு... நாந்தானுங்க்கா போட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

அக்கா சிரித்தார்.

"சிரிக்காதீங்க்கா. கோத்தகிரில எறங்குனதும் எடுத்துடறேன். ஆனா அவ ரிசர்வேஷனைக் கொறைக்கச் சொல்லி மெயிலும் போடுவேன்."