லாஸ்டன் காஃப்விம்பியின் வலது முழங்கால்

லாஸ்டனுக்குப் பந்தைத் தலையால் முட்டத் தெரியாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தேசிய அணியின் பயிற்சியாளரைப் பற்றிப் புத்தகம் போடுகிறீர்கள். புகழ்ச்சியாகவே எழுதினால் படிக்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். பந்து உயரத்தில் வந்தால் அவன் கண்ணை மூடிக்கொள்வான், கொசு விரட்டுவதுபோல் தலையை ஆட்டுவான். அவன் மனைவி ஆக்னஸ் கல்யாணத்துக்கு முன்னால் முதல்முறை ஆட்டம் பார்க்க வந்தபோது, "இந்த ஆளுக்குக் கழுத்துல சுளுக்கா?" என்று என்னிடம்தான் விசாரித்தாள்.

ஆனால் காலில் பந்து பட்டுவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது. முஃபுலிராவில் எங்கள் செப்புச் சுரங்க அணிக்கு அவன் வலது ஓரத்தில் ஓடுவான். நான் பின்னால் தடுப்பு. மோஃபட் சிலேங்கா என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது, மண்சுவர் என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். காலையில் ஒரே ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்குவோம், மாலையில் ஒரே மைதானம், அப்புறம் ஒரே தட்டில் ன்ஷிமா என்கிற மக்காச்சோளக் களியும் கப்பெண்டா மீனும். கடைசி மீன் யாருக்கு என்பதில்தான் சண்டை வரும்.

அவனிடம் இருந்த இன்னொரு திறமையை முதலில் கண்டுகொண்டவன் நான்தான். ஆட்ட இடைவேளையில் மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். இவன் பாட்டில் மூடிகளைப் பெஞ்சில் பரப்பி எங்கள் கிழட்டுப் பயிற்சியாளருக்கு வகுப்பெடுப்பான்.

"தாத்தா, இவன் இங்க நிக்கறான்ல, ரெண்டடி உள்ள வந்தா போதும்."

"நீ ஓடுற வேலையைப் பாரு. யோசிக்கறதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

இரண்டாம் பாதியில் அந்த இரண்டடிதான் கோலாகும். கிழவர் தன் யோசனைதான் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்வார். நாங்கள் சிரிப்போம்.

1984 மார்ச்சில் பெல்ஜியத்திலிருந்து ஒரு கிளப் அவனைக் கூப்பிட்டுக் கடிதம் போட்டது. அதை எடுத்துக்கொண்டு முதலில் என்னிடம்தான் ஓடிவந்தான். "டேய் மண்சுவரே, போறேன்டா. அங்க ஒரே பனியாம். உனக்கு ஒரு கோட்டு வாங்கி அனுப்பறேன், இங்க வெயில்ல போட்டுக்கிட்டுத் திரி."

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினேன். அதன் பிறகு நான்கு நாள் நிதானமாக யோசித்தேன். அங்கே போகிறவர்கள் கோட்டு அனுப்புகிறார்கள், போட்டோ அனுப்புகிறார்கள், திரும்பி வருவதில்லை. ஓடுகிறவன் பத்து வருடம் ஓடுவான். சொல்லிக்கொடுக்கிறவன் முப்பது வருடம் சொல்லிக்கொடுப்பான். நாட்டுக்கு எது நல்லது என்று யாராவது ஒருவர் யோசிக்கத்தானே வேண்டும்.

வியாழக்கிழமைப் பயிற்சி. மழை பெய்து ஓய்ந்திருந்தது. லாஸ்டன் திரும்புவதற்கு முன்னால் வலது தோளைக் கொஞ்சம் இறக்குவான். எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. தோள் இறங்கியது. நான் இரண்டு காலையும் சேர்த்துச் சறுக்கிப் போனேன். காய்ந்த மக்காச்சோளத் தட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். ஈரத்தில் வழுக்கிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆகையால் நான் பொய் சொன்னதாக நீங்கள் எழுதக்கூடாது.

ஆஸ்பத்திரியில் நான் அழுதேன். லாஸ்டன்தான் என்னைத் தேற்றினான். "சுவர்னா இடிஞ்சு விழத்தான் செய்யும். நான் போய் அடியில நின்னது என் தப்பு." தினமும் சாப்பாடு கொண்டுபோனேன், தலை வாரிவிட்டேன், முகம் மழித்துவிட்டேன். ஆக்னஸ் வாசலில் நின்று, "மோஃபட், இவரை நான் கட்டிக்கணுமா, நீங்க கட்டிக்கறீங்களா? இப்பவே சொல்லிடுங்க, நான் வேற ஆளைப் பாக்கறேன்" என்றாள். லாஸ்டன் கட்டுப் போட்ட கால் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். வலியிலும் சிரித்தான். நல்ல நாட்கள் அவை.

பெல்ஜியக்காரர்கள் கண்ணியமானவர்கள். இன்னொரு கடிதம் போட்டார்கள்: அவசரமில்லை, கால் ஆறட்டும், இரண்டு வருடம் காத்திருக்கிறோம் என்று. அந்த நாட்களில் சுரங்க ஷிஃப்ட் முடிந்ததும் கிளப் ஆபீசில் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிற வேலை எனக்கு. அதைப் படித்துவிட்டு டீக்கு வைத்திருந்த அடுப்பில் போட்டேன். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் முடிந்தது.

ஆனால் லாஸ்டன் பிடிவாதக்காரன். பதினான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் என்னை மைதானத்துக்கு இழுத்துப் போனான். எங்களைத் தவிர அங்கே யாருமில்லை. பத்துச் சுற்று ஓடினான். முழங்கால் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"பாத்தியாடா? புதுக் கால். நாளைக்கு நானே பெல்ஜியத்துக்கு எழுதப்போறேன். வா, என்னைத் தடு பாக்கலாம்."

அன்று மழை இல்லை. தரை காய்ந்து கட்டாந்தரையாக இருந்தது. பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். தோள் இறங்கியது. அதே முழங்கால், அதே இடம். முதல் தடவை எனக்குச் சுலபமாக இருந்தது, ஏனென்றால் அவன் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விழுந்தவன் கத்தவில்லை. மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி கிடந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "போதுமா, மோஃபட்?"

"போதும்" என்றேன். அவனை முதுகில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல் நடந்தேன். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசியதில்லை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்களே. முன்கோயோ குடியுங்கள், மக்காச்சோளப் பானம்தான், சூடாகிவிட்டால் புளிக்கும்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான், பிறகு எங்கள் கிளப், நான்கு முறை லீக் பட்டம், கடைசியில் தேசிய அணி. போன வருடம் கோப்பை. இறுதி ஆட்டத்தில் ஐந்து நிமிடம் இருக்கும்போது இடது தடுப்பாட்டக்காரனை இரண்டடி உள்ளே வரச் சொன்னான், அங்கிருந்துதான் கோல். லுசாகா விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வர நான்கு மணி நேரம் ஆனது. பெண்கள் எங்களை ஏற்றிவந்த லாரி முன்னால் ஆடிக்கொண்டே வந்தார்கள். மைதானத்தில் போட்டிருந்த மேடையில் ஏறுவதற்கு நான்தான் அவனுக்குக் கை கொடுத்தேன். மைக்கை வாங்கினான்.

"இந்தக் கோப்பைக்கு நம்ம மண்சுவர்தான் காரணம். அவன் மட்டும் என் காலை உடைக்காம இருந்தா நான் இந்நேரம் பெல்ஜியத்துல பனி தள்ளிக்கிட்டு இருப்பேன்."

மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கும்வரை அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நன்றி அவனுக்கு.

ஆகவே தெளிவாக எழுதுங்கள். இரண்டு தடவையும் தெரிந்தேதான் செய்தேன். கடிதத்தை எரித்ததும் நான்தான். வருத்தமில்லை, நாட்டுக்குக் கோப்பை கிடைத்திருக்கிறது. லாஸ்டனுக்கும் என்மேல் கோபம் கிடையாது. கோபம் இருந்தால் முப்பத்தைந்து வருடமாக என்னைத் துணைப் பயிற்சியாளராக வைத்துக்கொள்வானா? எந்த அணி கூப்பிட்டாலும் அவன் போடுகிற முதல் நிபந்தனை, "மோஃபட் என் கண்ணுக்கு எதிர்லயே இருக்கணும்." எனக்காக இப்படிச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவன் கண்டிப்பு. பிள்ளைகள் பயிற்சி செய்யும்போது நான் மைதானத்தின் ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் புல்லில் கால் வைக்கக்கூடாது. ஒருமுறை உருண்டு வந்த பந்தை நிறுத்தப் போய் ஓரடி உள்ளே வைத்துவிட்டேன். நொண்டிக்கொண்டே அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்துவிட்டான், முகமெல்லாம் வேர்த்து. "வெளிய நில்லு, மோஃபட்" என்றான், அவ்வளவுதான். எனக்கும் வயதாகிறதல்லவா, என் முழங்காலுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறான்.