நடந்தா இருபது நிமிஷம்

இல்லைங்க, நீங்க கூப்பிட்டதுனாலதான் வந்தேன். இருபத்திரண்டு வருஷமா இந்த டூரிஸ்ட் பஸ்ஸ ஓட்டுறேன். காட்டு வாசல்ல ஆளுங்கள எறக்கி விடுவேன், சீட்டச் சாய்ச்சுட்டுத் தூங்குவேன். நீங்கல்லாம் பாக்க வர்ற அந்தப் பெரிய மரம் வரைக்கும் நடந்தா இருபது நிமிஷம்தான். ஒரு நாளும் உள்ள வந்ததில்ல. சிரிக்காதீங்க. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் திங்கறானா என்ன?

பாத்து வாங்க, பாதையில போட்டிருக்குற பலகை வழுக்குது.

என் சம்சாரத்துக்குத்தான் இந்த மரத்து மேல பைத்தியம். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல வேலை அவளுக்கு. எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே போர்வை மடிக்கணும். ஒரு ஞாயித்துக்கிழமை கடைசி சீட்டுல உக்காந்து வந்துடறேனேம்பா. ஞாயித்துக்கிழமைதான் கூட்டம், ஆயிரம் வருஷமா நிக்கிற மரம் உனக்குப் பயந்து ஓடியா போயிடும்னுவேன். அவளும் சிரிப்பா. அப்புறம் கேக்கறதையே விட்டுட்டா. விட்டதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க. அதையும் சொல்லணும்ல.

ஒரு தடவை, எத்தன பேரு கை கோத்தா மரத்தச் சுத்தி வரலாம்னு கேட்டா. பாத்தவன் மாதிரி பதினஞ்சுன்னு அடிச்சுவிட்டேன். கூட வேல பாக்குறவங்ககிட்டல்லாம் பெருமையா சொல்லியிருக்கா, எங்க வீட்டுக்காரர் தினம் பாக்குறாரு, பதினஞ்சு பேருன்னு.

போன வருஷம் நுரையீரல் கெட்டுப்போச்சு. கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்கு நாலு எட்டு. அதுக்கே நடுவுல ஒரு நாற்காலி போட்டு வெச்சேன். அப்பத்தான் நானா கேட்டேன், வர்றியா, தூக்கிட்டாவது போறேன்னு. இனிமே எதுக்குங்க, நீங்களே பாத்துட்டு வாங்கன்னுட்டா.

ஓ. இதானா.

பெரிசுதான். ம். கழுத்து வலிக்குது. பாத்தா நெஞ்சுல ஏதாவது தோணும்னு நெனச்சேன். ஒண்ணும் தோணல. அந்த அறிவிப்புப் பலகையில என்னங்க போட்டிருக்கு? கண்ணாடி பஸ்ஸுல கெடக்கு. ஒம்பது பேரா? சரி.

வேணாங்க, போட்டோ வேணாம். யாருக்குக் காட்ட?

என் போன்தான், அடிக்கட்டும் விடுங்க. பொண்ணு கூப்பிடுறா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பாங்க, நான் எங்க இருக்கேன்னு கேக்கத்தான். அவங்கம்மா இன்னிக்குக் காலைல அஞ்சேகாலுக்குப் போயிட்டா. ஏழு மணிக்கு டிப்போவுல வண்டிய எடுக்கணும். எடுத்துட்டேன். வேற என்ன பண்றதுன்னு தெரியலைங்க.

வாங்க, போலாம். மத்தவங்கள்லாம் பஸ்ஸுல ஏறி உக்காந்திருப்பாங்க.