முதுகில் இரண்டு வெள்ளை முடி

முதலில் மோரைக் குடியுங்கள். ஊத்துக்குளியிலிருந்து வருவது, அவ்வளவு சீக்கிரம் புளிக்காது. ஓர் எறும்பைக் கேட்டு அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றால் என் அண்ணனுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. புது இனம் என்று அறிவித்தவன் சாட்சிக்கு அந்த எறும்பை உங்களிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஐந்து வருடமாக ஒப்படைக்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். 2003இல் ஆனைமலை மழைக்காட்டுச் சருகைச் சலித்தபோது இரண்டு மில்லிமீட்டர் எறும்பு ஒன்று கிடைத்தது. ஒன்றே ஒன்று. அருள்புரத்தில் அண்ணனின் பனியன் கம்பெனி மாடியில்தான் என் நுண்ணோக்கி இருந்தது. எறும்பை ஊசியில் செருகிய அட்டை முனையில் பசைவைத்து ஒட்டி, ஆறு மாதம் பார்த்துப் பார்த்து எழுதினேன். அதன் சொந்தக்கார எறும்புகள் எதற்கும் இல்லாதபடி இதன் முதுகில் நீளமாக இரண்டு வெள்ளை முடி. அதை வைத்தே புது இனம் என்றேன். சால்வை போர்த்தினார்கள். ‘எறும்பு கண்ட ஏந்தலே’ என்று பேனர்கூடக் கட்டினார்கள். கூச்சமாக இருந்தது, இருந்தாலும் அந்த வழியாகவே தினமும் வண்டியை ஓட்டினேன்.

முத்துப்பேச்சி கீழே செக்கிங்கில் இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், பிளஸ் டூ முடித்தவள். துணியில் ஊசிமுனை ஓட்டையைக்கூடத் தப்பவிட மாட்டாள். அந்தக் கண்ணுக்காகவே சருகு பிரிக்க அவளை மாடிக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். ஜூனில் எங்கள் கல்லூரியில் விலங்கியல் சேர்த்துவிடுவதாகவும் சொல்லியிருந்தேன். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் அவள்தான். எனக்கும் சேர்த்துவிடும் எண்ணம் மெய்யாகவே இருந்தது.

ஒரு காலையில் அவளுக்கு அந்த எறும்பைக் காட்டினேன். ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது முடி இல்ல சார். பஞ்சுல்லா.”

“நல்லாப் பாரு கண்ணு.”

“பாத்துட்டேன் சார். நம்ம பனியன் பஞ்சுதான், பசையில ஒட்டி நீட்டிக்கிட்டிருக்கு. நாள் முழுக்க இதைத்தான தட்டிவிடுதேன்.”

டீ மணி அடித்தது, கீழே போனாள். நான் குனிந்து பார்த்தேன். பஞ்சுதான். அதை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் எப்போதோ தெரிந்த சாதாரண எறும்பு.

தவறு நேர்ந்துவிட்டது என்று ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பனியன் ஊரில் இருந்துகொண்டு பஞ்சைத் தெரியாதவன் என்று சிரிப்பார்களே என்பதுதான் எனக்குத் தோன்றியது. இடுக்கியால் எறும்பை எடுத்துக் கட்டைவிரலில் வைத்து நசுக்கினேன். ஊதிவிட்டேன்.

அவள் வந்ததும், “நீ திருப்புனப்ப உளுந்துருச்சாட்ட இருக்குது கண்ணு” என்றேன்.

நம்பிவிட்டாள். லென்ஸை வாங்கிக்கொண்டு மண்டி போட்டுத் தரையெல்லாம் தேடினாள். “கண்ணுல படமாட்டேங்கு சார்” என்று அழுதுகொண்டே மத்தியானம் வரை தேடினாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் பக்கத்தில் மண்டி போட்டுத் தேடினேன்.

ஜூனில் கல்லூரி விண்ணப்பத்தை அவளே திருப்பிக் கொடுத்தாள். “அது பஞ்சு இல்ல, முடிதான் சார். எனக்குத்தான் பார்க்கத் தெரியல” என்றாள். நான் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். கண்ணை நம்பிச் செய்கிற வேலையே வேண்டாமென்று செக்கிங்கையும் விட்டாள். இப்போது கழிவுத்துணி குடோனில் மூட்டை கட்டுகிறாள்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குப் போய்த் திரும்பும்போது கருப்பட்டியோடு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். சாப்பிடவைக்காமல் நான் அனுப்பியதில்லை. மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள்: இன்றுவரை அவளை நான் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, முதல் வருடமே மன்னித்துவிட்டேன்.