கழுத்துள்ள ஊசிப்புல்

— காலை எடுங்க மாமா! அது மேலயா நிப்பீக?

— எது மேல? சுத்திவரப் புல்லுதான கெடக்கு. புதுவயல் ரைஸ்மில்லுக்குப் பின்னால வேற என்னத்த மொளைக்கும்?

— அந்தப் புல்லத்தான் சொல்றேன். குனிஞ்சு பாருங்க. இந்தா இது ஒண்ணு, அந்தா அது ஒண்ணு. ரெண்டும் ஒண்ணா?

— ஒண்ணுதான். ஊசிப்புல்லு. கைலியில குத்துனா நாள் பூரா சொறியணும். லாரி ஓட்டுறவனுக்கு இது போதாதா? ராவெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்தவன, இதுக்காடி பிரியா இழுத்துட்டு வந்த?

— தூக்கம் எங்குட்டும் ஓடிப்போயிராது. இங்க பாருங்க, இதுல மூணு முடி இருக்குல்ல, வெதையிலருந்து நேரா கெளம்புது. இது ஊரு முழுக்க இருக்கு. இப்ப அதப் பாருங்க. லென்ஸப் புடிங்க.

— இதுக்கும் மூணு முடிதான்... அட, இரு இரு. வெதைக்கும் முடிக்கும் நடுவுல கழுத்தாட்டம் ஒண்ணு இருக்கே! கயிறு முறுக்குனாப்ல!

— அந்தக் கழுத்துதான் மாமா! அண்ணன் தம்பி மாதிரி ஒரே குடும்பம், ஆனா வேற வேற புல்லு. நம்ம ஜில்லாவுல இது இருக்குன்னு ஒருத்தரும் எழுதல. 'புல்லுப் புடுங்குற டீச்சரு'ன்னு காலேஜுல எம்புட்டுச் சிரிச்சாக! இன்னைக்குச் சாயங்காலம் கட்டுரைய அனுப்பப் போறேன். என் டாக்டர் பட்டமே இந்தக் கழுத்துலதான் தொங்குது.

— என்னன்னு எழுதிருக்க?

— காலங்காலமா இந்தச் செம்மண்ணுக்குச் சொந்தமான புல்லு, நாமதான் கண்ணத் தொறந்து பாக்கலன்னு. சரி, ஒரு வெதைய உங்க கைலி மேல வைக்கிறேன், அசையாதீக. ஒரு சொட்டுத் தண்ணி விடுறேன்.

— விட்டுட்ட. என்ன ஆகும்?

— பேசாமப் பாருங்க.

— ஆத்தாடி! சுத்துதுடி! முறுக்கு அவுந்து தானா சுத்துது! உசுரா இருக்கு?

— காஞ்ச வெதை மாமா. ஈரம் பட்டா அவுந்துக்கும், காஞ்சா முறுக்கிக்கும். அப்படியே திருகித் திருகி மண்ணுக்குள்ள போயிரும். கையுமில்ல, காலுமில்ல, தன்னைத் தானே நட்டுக்குது. எத்தன தடவ பாத்தாலும் எனக்கு மேலு சிலுக்குது.

— கையெடுத்துக் கும்புடலாம் போல இருக்கு. அந்தா, துணிக்குள்ள எறங்கிருச்சு பாரு. இழுத்தாலும் வரமாட்டேங்குது.

— வராது. வெதை முனையில பொடி முடி பின்பக்கமாச் சாஞ்சிருக்கு. போன வழியில திரும்பாது.

— பிரியா...

— என்ன மாமா, மூஞ்சி ஒரு மாதிரி போகுது? தொடையில குத்திருச்சா?

— கர்நாடகாவுல ராய்ச்சூர் பக்கம் நெல்லு ஏத்தப் போறப்ப, களத்துல தார்ப்பாய விரிப்போம். இதே கழுத்து முறுக்குன ஊசிக அதுல ஏறிக் கெடக்கும். திட்டிக்கிட்டே சுருட்டி வண்டியில போட்டுட்டு வந்துருவோம்.

— இருக்கட்டும். அங்குட்டு அது நெறயா உண்டு. அதுக்கென்ன?

— மில்லுல லோடு எறக்குனதும், நாங்க டிரைவருக அம்புட்டுப் பேரும் தார்ப்பாய ஒதறுறது நீ நிக்கிற இந்த எடத்துலதான்டி.