இறக்கத்தில் காட்டுப்பூ அக்காவோடு

போதும் அக்கா, வெள்ளரிக்காயிலயே வயிறு நெறஞ்சு போச்சு. நீங்க சாப்பிடுங்க. இல்ல, கோவமெல்லாம் இல்ல.

சரி, கோவந்தான். மேல உச்சிக்கல்லுகிட்ட போட்டோவுக்கு வரிசையில நின்னோம்ல, அந்த ஆரஞ்சு சட்டைக்காரரைப் பாத்தீங்களா? எங்களை ஒரு படம் எடுத்துத் தாங்கன்னு நான் நல்ல கொரியன்லதான் கேக்கறேன். அவரு என்னை விட்டுட்டு உங்களைப் பாத்து, இந்தப் பொண்ணு என்ன சொல்லுதுங்கறாரு. அப்புறம் புரிஞ்சதும், அடேயப்பா என்னமா பேசுதுன்னு கைதட்டல் வேற. இந்தக் கைதட்டலை ஒம்போது வருஷமா வாங்கிட்டிருக்கேன். உல்சான்லயே காலேஜ் முடிச்சு, இங்கயே வேலை பாத்து, வரி கட்டி... இன்னும் கிம்ச்சி காரமா இருக்கான்னு கேக்கறாங்க. நான் கரூர்க்காரி அக்கா. எங்கூரு மொளகாயை நீங்க பாத்ததில்ல.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். எப்ப ஊருக்குத் திரும்பப் போறேன்னு கேப்பாங்க பாருங்க, அதான் தாங்கல. பல் டாக்டர் வாய்க்குள்ள கருவியை விட்டுக்கிட்டே கேக்கறாரு. நான் என்னத்தச் சொல்ல?

நீங்க ஒருத்தர்தான் கேக்கல.

ஆமா, போன தடவை சொன்னேனே, அவரேதான். நாலு வருஷமாப் பழகறோம். அவங்கம்மா ஒத்துக்கல. ஒத்துக்கலைங்கறது கூட பெரிய வார்த்தை. வெளிநாட்டுப் பொண்ணுன்னு இவர் வாயெடுத்ததுமே நிறுத்துன்னுட்டாங்களாம். எந்த நாடு, என்ன பேரு, ஒண்ணும் கேக்கல. போட்டோ காட்டப் போனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்களாம். நான் நல்லவளோ கெட்டவளோ, பாத்துட்டு வேண்டாம்னு சொல்லலாம்ல? அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.

அய்யோ, அந்தம்மாவைத் திட்டாதீங்க அக்கா. நீங்க திட்டக் கூடாது.

என்னது, உங்க மருமகளா இருந்தா தலையில தூக்கி வச்சுப்பீங்களா? சிரிப்பு வருது போங்க. இங்க எல்லாரும் சுலபமா சொல்ற வார்த்தை அது. டீ ஊத்திக் குடுத்தா மருமகளா வர்றியாங்கறது, பையைத் தூக்கிக் குடுத்தா மருமகளா வர்றியாங்கறது. நடக்காதுன்னு தெரிஞ்சாத்தான் வாயில வரும்.

நெசமாவா சொல்றீங்க? கண்ணைப் பாத்துச் சொல்லுங்க.

ம்.

எனக்கு நாலு பேரு முன்னால வாயே வராது. காலையில ஏறும்போதே சொல்லணும்னு நெனச்சேன், சுத்தி ஆளு. பாத்து, அந்தக் கல்லு ஆடுது, குச்சியை ஊனிக்கங்க. இந்த மலைச் சங்கத்துல ஒரு வசதி அக்கா, சொந்தப் பேரு யாரும் கேக்கறதில்ல. நீங்க காட்டுப்பூ, நான் மேகம், அவ்வளவுதான். அந்தம்மா போன சூசோக் பண்டிகையன்னிக்கு, படையலுக்கு மீன் வறுத்துக்கிட்டே சொன்னாங்களாம். உன் அப்பா உயிரோட இல்லாததால இந்தத் துணிச்சல் வந்துச்சான்னு. இவரு அதோட அமைதியாயிட்டாரு. முப்பத்தஞ்சு வயசு ஆம்பளை, அவங்கம்மா முன்னால எட்டு வயசுப் பையன். இப்ப வர்ற சனிக்கிழமை தேகுவுக்குப் போயி, ஒரு டீச்சரைப் பொண்ணு பாத்துட்டு வான்னு சொல்லியிருக்காங்க. எனக்கு அழுகைகூட வரல, எரிச்சல்தான் வந்துச்சு. அவரு பேசமாட்டாரு, அவங்க கேக்கமாட்டாங்க, நடுவுல நான் எத்தனை நாளைக்கு நிக்கறது?

ஏன் நின்னுட்டீங்க? முட்டி வலியா?

இல்ல, அவருக்குத் தெரியாது. நான் இங்க வர்றேன்னு தெரிஞ்சா செத்தே போயிடுவாரு. அம்மா இந்தச் சங்கத்தோட மலைக்குப் போவாங்கன்னு எப்பவோ பேச்சுவாக்குல சொன்னாரு. நானா வந்து சேந்தேன். நீங்க எப்படிப்பட்டவங்கன்னு பாக்கணும்னு தோணுச்சு. வெள்ளரிக்காயை நறுக்கி முதல் துண்டை எனக்கு நீட்டுவீங்கன்னு நெனைக்கல.

சனிக்கிழமை உங்க பையன் கியூசோப் தேகுவுக்குப் போகமாட்டாரு அக்கா. வேற ஏதாவது காரணம் சொல்லுவாரு, நம்பாதீங்க.

கையைக் குடுங்க, இங்க வழுக்கும். வேண்டாமா, சரி. திட்டறதா இருந்தா இங்கயே திட்டிடுங்க. கீழ பஸ்ஸுல எல்லாரும் இருப்பாங்க, எனக்கு வெக்கமா இருக்கும்.