மாமனாருக்கும் ஒரு டிக்

பண்பொழி ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்காவிடம், வாக்காளர் பட்டியலோடு வந்த கட்சிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்க வீட்டு நாலு ஓட்டும் நமக்குத்தான். டிக் போட்டாச்சு."

"யாரைக் கேட்டுப் போட்டீய?"

"ஒன் வீட்டுக்காரரத்தான். வேற யாரைக் கேக்கணும்?"

"என் ஓட்டுக்கு என்னையக் கேக்கணும். கொண்டாங்க அதை."

பட்டியலைப் பிடுங்கிப் படித்த அக்காவின் குரல் உயர்ந்தது. "அண்ணாச்சி, எங்க மாமனாரு செத்து மூணு வருசமாச்சு. அவருக்கும் டிக் போட்டிருக்கீய!"

"சாகுற வரைக்கும் அவரு நம்ம கட்சிதாம்மா."

"அப்பம் செத்தவரும் நானும் ஒங்களுக்கு ஒண்ணா? அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு. நான் கேப்பேன்."

கட்சிக்காரரின் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, தன் பெயருக்கு நேரே இருந்த டிக்கை அக்கா குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

கட்சிக்காரர் பட்டியலுக்குக் கை நீட்டினார். பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்: "ஏட்டி, குடுத்துராத! எங்க வீட்டையும் படி."