இரண்டாவது பை

— “மனுசன்ட உடம்பில மொத்தம் எத்தனை எலும்பு?” எண்டு ஒன்பதாம் வகுப்பில றேணுகா டீச்சர் என்னட்டக் கேட்டவ. ஞாபகம் இருக்கா அண்ணா? அண்டைக்கு உங்களிட்ட வந்துதான் அழுதனான்.

— டிலக்ஷி, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. என்ட எலும்புப் பெட்டிக்குள்ள ஏன் தேங்காய் கிடக்கு மென்?

— அதுக்குத்தான் சொல்லுறன். இருநூற்றாறு எண்டு எனக்குத் தெரியும். வாய்க்கு வரேல்லை. “நாக்கில எலும்பில்லைத்தானே, பிறகென்ன பாரம், தூக்கிக் கதையன்” எண்டா டீச்சர். நாப்பது பேரும் சிரிச்சவை.

— தேங்காய், டிலக்ஷி! நாலு தேங்காயும் ரெண்டு விறகுக் கட்டையும்! ரிம்ஸான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக தெஹிவளையில இருந்து வந்து கதிரையில குந்திக்கொண்டிருக்கிறான். திங்கக்கிழமை எங்களுக்கு அனட்டமி வைவா சோதனை. விளங்குதா உனக்கு?

— தங்கச்சி, பகிடி உட்டது போதும். எனக்கி பஸ்ஸுக்கு நேரமாகுது. இண்டைக்கும் நாளைக்கும் பெட்டி என்ட முறை. எங்க ஒளிச்சு வெச்சீக்கி, செல்லுங்க.

— ஒளிக்கேல்லை, ரிம்ஸான் நானா. அடக்கம் பண்ணியாச்சு.

— என்னத்த?

— அவவை. நீங்க ரெண்டு பேரும் சிங்களத்தில சுது நங்கி, வெள்ளைத் தங்கச்சி எண்டு கூப்பிடுறீங்களே, அவவை.

— ஆர் யூ மேட்? அது ஆள் இல்லை மென், எலும்பு! மெடிக்கல் ஸ்டுடன்ஸ் படிக்கிற எலும்பு!

— டெரிக் மச்சான், கொஞ்சம் பொறு. தங்கச்சி, அது எங்கட சாமானும் இல்ல. இப்திகார் நானா தந்த பெட்டி. மூடிக்குள்ள பாருங்க, பதினொரு பேர்ட பேர் எழுதி ஈக்கி. பாஸ் பண்ணினவன் பேரை எழுதிட்டு அடுத்தவனுக்குக் குடுக்கிற. அதுதான் எங்கட வழக்கம்.

— பாத்தனான். பதினொரு பேர்ட பேரும் இருக்கு. அவட பேர் இல்லை.

— எங்க அடக்கம் பண்ணினாய்? எப்ப?

— செவ்வாய்க்கிழமை. யூஜினா பெரியம்மாவோட.

— பொய். செவ்வாய்க்கிழமை குழிக்குப் பக்கத்தில நான் நிண்டனான்.

— நிண்டீங்க. ஃபோனைப் பாத்துக்கொண்டு. செத்தவீடெண்டு அதுக்குப் பிறகு பெட்டியைத் திறக்கவுமில்லை.

— எனக்கி ஒண்டும் வெளங்கல்ல. பெரியம்மாட பெட்டிக்குள்ளயா போட்டீங்க?

— இல்லை நானா. எங்கட வீட்டு ஆக்களுக்கு மாதம்பிட்டி மயானத்தில ஒரு குழிதான். பதினெட்டு வருசத்துக்கு முன்னம் தாத்தாவை வெச்சதும் அதுக்குள்ளதான். ஆரும் செத்தா அதைத்தான் திரும்பத் தோண்டுறது. தோண்டேக்க வாற பழைய எலும்பைப் பொறுக்கி, வெள்ளைப் பையில போட்டு, வாயைத் தைச்சு, புதுப் பெட்டிக்குக் கால்மாட்டில வைக்கிறது. தையல் மெஷினில குந்துறவள் நான்தானே. அம்மா ஒரு பை தைக்கச் சொன்னா. நான் ரெண்டு தைச்சன்.

— செத்தவங்கள நாங்களும் வெள்ளையிலதான் சுத்துற. தலைப்பக்கமும் கால்பக்கமும் முடிச்சுப் போட்டு.

— ரிம்ஸான், நீ வேற இப்ப அதைக் கதைச்சுக்கொண்டு! டிலக்ஷி, ரெண்டாவது பை... அது...

— ஓம். வீட்டிலேயே நிரப்பி, தைச்சு, பூக்கூடைக்கு அடியில வெச்சுக் கொண்டுவந்தனான். குழிக்குள்ள நிண்ட அங்கிள் தாத்தாட பையை வாங்கி வெச்சிட்டு, “தவ தியெனவாத மல்லி?” எண்டு கேட்டார். இன்னும் இருக்கோ தம்பி எண்டு. ஃபோனை சட்டைப் பொக்கெற்றில போட்டிட்டு மற்றப் பையைத் தூக்கிக் குடுத்தது ஆர்?

— ஆர்?

— நீங்கதான் அண்ணா. ரெண்டு கையாலயும். “தாத்தா குள்ள மனிசன், இவ்வளவு எலும்பா” எண்டு சிரிச்சீங்க. றோஸி மாமி கூட முறைச்சுப் பாத்தவ.

— நான்... நான் ரெண்டும் தாத்தா எண்டல்லோ நினைச்சன்!

— ஒரு வருசம் அவவைக் கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தீங்க. துணிக்கு மேலால தூக்கினா ஆளைத் தெரியேல்லை. பாதர் தண்ணி தெளிச்சார். அவவுக்கும் சேர்த்துத்தான்.

— உனக்கு என்ன ரைட் இருக்கு? பத்தாம் வகுப்போட நிண்டவளுக்கு அனட்டமி எலும்பில கை வைக்க என்ன ரைட்?

— நிண்டனானா? நிப்பாட்டினீங்க. அம்மாட முழங்கால் தேஞ்சு போய் மெஷினை மிதிக்க ஆள் இல்லையெண்டு நிப்பாட்டினீங்க. நீங்க வெள்ளவத்தைக்கு ரியூஷனுக்குப் போய் வந்த நேரம் நான் சட்டைக்கு அளவெடுக்கப் பழகினன்.

— ஓ! அதுக்குப் பழி வாங்குறியா? என்ட லைஃபோட விளையாடி?

— பழியெண்டா பெட்டியோட கொண்டுபோய்க் கடல்ல போட்டிருப்பன். இருந்து தொண்ணூற்றாறு துண்டையும் எண்ணித் துடைச்சிருக்க மாட்டன்.

— துடைச்சியோ! பெரிய டொக்டர்!

— ஒவ்வொரு பின்னேரமும் புத்தகத்தைப் பிடிச்சுக்கொண்டு உங்களைக் கேள்வி கேட்டது ஆர் அண்ணா? எலும்புக்கு என்னென்ன வேலை எண்டு கேட்டா, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பீங்க. உடம்பைத் தாங்கும். உருவம் குடுக்கும். மண்டையோடு மூளையைக் காக்கும், விலா எலும்பு நெஞ்சைக் காக்கும், தசை இழுக்க அசைஞ்சு குடுக்கும், மச்சைக்குள்ள ரத்தம் ஊறும். அவ்வளவு வேலையையும் ஒருத்தி உயிரோட இருக்கேக்க செய்திருக்கிறா எண்டு ஒருநாள் நினைச்சீங்களா?

— ஒருத்தி எண்டு செல்றீங்க. பொண்ணு எண்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் தங்கச்சி?

— இடுப்பெலும்பில பின்பக்கம் ஒரு வளைஞ்ச வெட்டு இருக்கே நானா, அதில பெருவிரலை வெச்சுப் பாக்கோணும். ஆம்பிளையெண்டா விரல் இறுகி நிக்கும். பொம்பிளையெண்டா அங்கயும் இங்கயும் ஆட இடமிருக்கும். அண்ணாட புத்தகத்தில படத்தோட இருக்கு. என்ட விரல் நல்லா ஆடினது.

— அதெல்லாம் அப்ராக்ஸ் மென், அதை வெச்சு...

— அதை மட்டும் வெச்சுச் சொல்லேல்லை. அதே இடுப்பெலும்பின்ட மேல் விளிம்பு இன்னும் ஒட்டேல்லை, தனியாக் கழண்டு வருது. தோள் பக்கத்துக் கை எலும்பில வளர்ற இடத்துக் கோடு மறையேல்லை. இன்னும் வளந்துகொண்டு இருந்தவ. பதினெட்டுக்கு மேல நான் சொல்ல மாட்டன்.

— இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?

— மூண்டு தரம் சொன்னனான். “நீ பொத்தானைத் தை” எண்டீங்க.

— சரி, ஈக்கட்டும். பொண்ணெண்டா என்ன, ஆணெண்டா என்ன. படிக்கிறதுக்குத்தானே வெச்சீக்கி. படிக்காம நாளைக்கு எப்பிடி ஒரு நோயாளியைத் தொடுற?

— படிக்கிறதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை, ரிம்ஸான் நானா. தொப்பி போட்டதும் படிக்கவா?

— எந்தத் தொப்பி?

— உங்கட கிரிக்கெட் தொப்பி. மண்டையோட்டுக்கு மாட்டி, பல்லுக்கு இடையில சிகரெட் செருகி, இந்த மேசையில வெச்சுத்தான் ஃபோட்டோ எடுத்தீங்க. நான் அந்த மூலையில தைச்சுக்கொண்டிருந்தன். “சுது நங்கி இண்டைக்கு ஃப்ரீ, ஆருக்கு வேணும்” எண்டு அதுக்குக் கீழ எழுதினது ஆர்?

— அது... எங்கட குரூப்புக்குள்ள போட்ட ஒரு பகிடி.

— நிப்லாக்கு இப்ப எத்தனை வயசு?

— என்ட தங்கச்சிய இதுக்குள்ள இழுக்க வேணாம்.

— வயசுதான் கேட்டனான், நானா.

— டேய் ரிம்ஸான், என்னடா பேசாமல் இருக்கிறாய்? ஒரு தையல்காரி உன்னை மடக்குறாள், நீ பேக்கைத் திறந்து என்னத்தையோ துழாவிக்கொண்டு! வாயைத் திறந்து கதையன்!

— அவரை விடுங்க. உங்களிட்ட ஒரு கேள்வி. இடது முன்கையில, சின்னவிரல் பக்கத்து எலும்பு. நடுவுக்குக் கொஞ்சம் கீழ ஒரு தடிப்பு இருந்ததே, தடவிப் பாத்திருக்கிறீங்களா?

— அல்னா. பழைய ஃப்ராக்சர். பொருந்தியிருக்கு. அதுக்கென்ன?

— கையை ஊண்டி விழுந்தா எந்த எலும்பு முறியும்?

— ரேடியஸ். பெருவிரல் பக்கத்தது.

— அப்ப சின்னவிரல் பக்கத்தது மட்டும் தனியா முறிஞ்சா? சொல்லுங்க. வைவாவில கேப்பினம்.

— ...அடிக்க வரேக்க கையைத் தூக்கி மறிச்சா.

— அதுதான். ஆரோ பொல்லால அடிச்சிருக்கினம். தலைக்கு வந்ததைக் கையில வாங்கியிருக்கிறா. அது பொருந்துற அளவுக்குப் பிறகும் கொஞ்சக் காலம் உயிரோட இருந்திருக்கிறா, அதே வீட்டில இருந்தாவோ என்னவோ. அந்தக் கை எலும்பை வெச்சுத்தான் சோறு தின்னேக்க நீங்க முதுகு சொறிஞ்சீங்க.

— கதை கட்டாதை! ஆரும் தேடி வராத ஒரு உடம்பு அது. அனாதைப் பிணம்!

— ஆரும் தேடி வராட்டி நீ எடுத்து முதுகு சொறியலாமா?

— நீயா? எனக்கு நீயா?

— ஓம். நீ.

— அம்மா வரட்டும்! வந்தோடன சொல்லுறன், உன்ட தோலை உரிப்பா!

— சொல்லு. ஏழாம் நாள் பூசைக்குப் பேர் குடுக்கக் கொட்டாஞ்சேனை கோயிலுக்குப் போனவ, இப்ப வந்திடுவா. அழுதழுது கண் வீங்கிப் போய்த்தான் வருவா. அந்த முகத்தைப் பாத்துச் சொல்லு, “உங்கட அக்காவைத் தோண்டப் போறன், அவட கால்மாட்டில என்ட எலும்பு கிடக்கு” எண்டு. பாதரிட்டயும் நீயே போய்ச் சொல்லு. தூக்கிக் குடுத்தது நீதானே.

— டிலக்ஷி, இது என்ட ரெண்டாவது ஷொட். போன முறை அனட்டமியிலதான் விழுந்தனான். இந்த முறையும் விழுந்தா ஜூனியர்மாரோட குந்தோணும். பட்ச் போய்டும். எல்லாம் போய்டும். தெரிஞ்சுகொண்டேவா செய்தனி?

— தெரிஞ்சுகொண்டுதான். அதாலதான் தைக்கேக்க ரெண்டு தரம் ஊசி குத்தினது. ஆனா தைச்சன்.

— ஏன் மென்? ஆறு நாள் பொறுத்திருக்கலாமே! வைவா முடிய!

— வைவா முடியப் பெட்டி அடுத்த ஆளிட்டப் போயிருக்கும். குழி ஆறு நாள் திறந்து கிடக்காது. பெரியம்மாவை அடக்கம் பண்ணினது செவ்வாய்க்கிழமைதான்.

— கடவுளே.

— இன்னும் கேள். அவ முழுசாக்கூட இல்லை. பெட்டியில இடப்பக்கம் மட்டும்தான். வலப்பக்கம் எவன்ட கட்டிலுக்கு அடியில கிடக்கோ தெரியாது. ஒரு பொம்பிளைப் பிள்ளையை ரெண்டாப் பிரிச்சுப் பங்கு போட்டிருக்கிறீங்க. நாக்குக்கு அடியில லாடம் மாதிரி ஒரு சின்ன எலும்பு, வேற ஒரு எலும்பையும் தொடாமல் தனிய நிண்டு நாக்கைத் தாங்கிக்கொண்டிருக்கும். றேணுகா டீச்சருக்கு அது தெரியாது. அதுவும் பெட்டியில இல்லை. கீழ்த்தாடையும் இல்லை. வாயில்லாமல்தான் அவவை அந்தப் பைக்குள்ள வெச்சுத் தைச்சன். அது மட்டும்தான் எனக்குப் பாவமாக் கிடக்கு. மற்றதுக்கு நான் ஒருத்தரிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டன்.

— நில்லு. தாடை! ரிம்ஸான், தாடை உன்னட்டத்தானே! போன கிழமை பல்லுப் படிக்கவெண்டு பேப்பர்ல சுத்திக் கொண்டு போனனியே! கொண்டு வந்தியா? பேக்குக்குள்ளயா இருக்கு? எடு மச்சான், எடு! அதையாவது வெச்சுக்கொண்டு படிப்பம். மிச்சத்தைப் புத்தகத்தில பாக்கலாம். இப்திகாருக்கு ஏதாவது கதை சொல்லலாம். என்ன பாக்கிறாய்? ஏன் எழும்புறாய்?

— அவரைப் பிடிக்காதை அண்ணா.

— விடு நீ! டேய், எங்க போறாய்? நீயும் என்னோட சேர்ந்துதான் பெயில் ஆகப் போறாய், தெரியுமா? அந்த ஃபோட்டோவை நான் மட்டுமா போட்டனான்? ரிம்ஸான்! ஒரு சொல்லாவது சொல்லிட்டுப் போடா!

— கத்தாதை. படி இறங்கிட்டார். கேற் சத்தம் கேட்டுது.

— போயிட்டான். தாடையையும் கொண்டு போயிட்டான். இப்ப சந்தோஷமா உனக்கு?

— அவர் இருந்த கதிரையைப் பார்.

— என்ன அது? பேப்பரைக் கசக்கிக் கீழ எறிஞ்சிட்டு... இது ரிம்ஸான் முகம் துடைக்கிற லேஞ்சியெல்லோ? தா இங்க, அதுக்குள்ள என்ன?

— கை வைக்காதை, அண்ணா. தாடைதான். வெள்ளை லேஞ்சியில சுத்தி, ரெண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு வெச்சிட்டுப் போயிருக்கிறார்.